ஸ்லாக் அவே, ஸ்லாக் ஆஃப்: உழைப்பைச் சொல்லும் ஆங்கிலத்தில் எங்கே குழம்புகிறோம்?

ஐதராபாத் அமீர்பேட்டில், மைத்ரிவனம் கட்டடத்தைச் சுற்றியுள்ள தெருக்களில் எங்கு திரும்பினாலும் கோச்சிங் சென்டர் பேனர்கள்தான். ஜாவா, பைத்தான், டெஸ்டிங், கூடவே ஸ்போக்கன் இங்கிலீஷ். கோடிங் தெரிந்தால் மட்டும் போதாது, இன்டர்வியூவில் பேசவும் வேண்டுமே!

அங்கே படித்தாலும் சரி, கோவையிலிருந்து தயாரானாலும் சரி, பலர் தடுமாறும் இடம் 'ஃப்ரேசல் வெர்ப்'.

அது என்ன?

ஒரு வினைச்சொல்லுடன் அவே, ஆஃப், டவுன், அவுட் போன்ற குட்டிச் சொல் சேர்ந்து புது அர்த்தம் தருவது.

என்ன சிக்கல்?

விடாமல் உழைப்பது 'ஸ்லாக் அவே'. வேலையில் டிமிக்கி கொடுப்பது 'ஸ்லாக் ஆஃப்'. ஆங்கிலத்தில் இரண்டு 'ஸ்லாக்'கும் வேறு வேறு சொற்கள், உச்சரிப்பும் வேறு. தமிழில் எழுதினால் வித்தியாசமே தெரியாது. வாய் தவறினால் உழைப்பாளி சோம்பேறி ஆகிவிடுவார்.

எப்படி நினைவில் வைப்பது?

தமிழிலும் இது உண்டு. 'எழுதித் தள்ளினான்' என்றால் யாரையும் தள்ளவில்லை, நிறைய எழுதினான் என்று அர்த்தம். இங்கே 'தள்ளு' துணைவினை. ஆங்கிலத்தில் ஏறக்குறைய அதே வேலையைக் குட்டிச் சொல் செய்கிறது.

- அவே: நம்ம 'கொண்டே இரு'. 'பிளக் அவே' என்றால் சலிக்காமல் செய்துகொண்டே இருப்பது.
- டவுன்: வேலையில் இறங்குவது. 'நக்கிள் டவுன்' கோலி விளையாட்டிலிருந்து வந்தது. விரல் முட்டியைத் தரையில் ஊன்றிக் குறிபார்ப்பது போல, கவனமாக வேலையில் இறங்குவது.
- அவுட்: 'சர்ன் அவுட்' என்றால் செய்து தள்ளுவது. 'பர்ன் அவுட்' என்றால் உழைத்து உழைத்து ஓய்ந்துபோவது.
- ஆஃப்: விட்டு விலகுவது. 'நாக் ஆஃப்' என்றால் அன்றைய வேலையை முடித்துக் கிளம்புவது.

எல்லாமே இதற்குள் அடங்கிவிடாது. 'புல் ஆஃப்' என்றால் கஷ்டமான வேலையைச் சாதித்துக் காட்டுவது!

எங்கே பயன்படுத்தலாம்?

இவற்றில் பலவும் பேச்சு வழக்கு. நண்பர்களிடம் தாராளமாகச் சொல்லுங்கள். ரெஸ்யூமேயிலும் இன்டர்வியூவிலும் 'வொர்க் ஹார்ட்' என்று நேராகச் சொல்வதே பாதுகாப்பு.

'பர்ன் அவுட்' மட்டும் அலுவலகத்திலும் தயங்காமல் சொல்லக்கூடிய சொல். சரியாகக் கையாளப்படாத, நாள்பட்ட பணியிட மன அழுத்தத்தின் விளைவு என்று உலக சுகாதார நிறுவனம் 2019-ல் இதை விளக்கியது. நோயாக வகைப்படுத்தவில்லை; வேலை சார்ந்த நிகழ்வு என்றது. வேலை கிடைத்த பிறகு, மேலாளரிடம் உங்கள் நிலையை எடுத்துச் சொல்ல இந்தச் சொல் தேவைப்படலாம்.