வேகத்தடையில் வண்டி நின்றால்?

கண்மாய் வற்றி மூன்று மாதம் ஆகிறது. காலை ஆறு மணிக்கு நாம் போய்ச் சேர்ந்தபோது, மாடு மிதித்துக் கெட்டிப்பட்டுக் கிடந்த தரையில் ஒரு பழைய 100 சிசி மோட்டார் சைக்கிள் உறுமியது. ஒரு குதி குதித்து நின்றுபோனது.

"மாமா, மறுபடியும் ஆஃப் ஆயிருச்சு."

"ஆகட்டும் புள்ள. நியூட்ரலுக்குக் கொண்டா. மறுபடி ஸ்டார்ட் பண்ணு."

ஓட்டப் பழகுகிறவர் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு வணிகவியல் படிக்கும் மாணவி. சொல்லிக் கொடுப்பவர் அவருடைய தாய்மாமன், பக்கத்து டவுனில் ஒர்க்‌ஷாப் மெக்கானிக். பெயரும் ஊரும் எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள், நாம் எழுதவில்லை.

கல்லூரி பதினான்கு கிலோமீட்டர். காலை ஏழேகால் பேருந்தை விட்டால் முதல் இரண்டு வகுப்பு போய்விடும். அப்பா கோயம்புத்தூரில் கட்டட வேலையில் இருக்கிறார். அவர் வாங்கிய வண்டி வீட்டுத் தாழ்வாரத்தில் சும்மா நிற்கிறது. "ஸ்கூட்டி வாங்க வசதியில்ல. இருக்கிறது கியர் வண்டி. அதையே பழகிட்டாப் போச்சு" என்று நம்மிடம் சொன்னார் மாணவி.

கியர் வண்டி பழகும் எல்லோருக்கும் முதல் தடை கிளட்ச்தான். மாமா அதை இப்படி விளக்கினார். எஞ்சின் எப்போதும் சுற்றிக்கொண்டே இருக்கிறது, பின்சக்கரமோ நின்றுகொண்டிருக்கிறது. சுற்றுவதையும் நிற்பதையும் ஒரே அடியாக இணைத்தால் எஞ்சின் திணறி நின்றுவிடும். இரண்டுக்கும் நடுவில் இருப்பதுதான் கிளட்ச். ஸ்பிரிங் அழுத்தத்தில் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும் தட்டுகள் அதில் இருக்கின்றன. லீவரை அழுத்தினால் தட்டுகள் விலகும். மெல்ல விட்டால் உரசி, பிறகு முழுதாகப் பிடித்துக்கொள்ளும். அந்த உரசல் தொடங்கும் இடத்தைக் கை கண்டுபிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

"இடுப்புக் குடத்தை எறக்கி வைக்கும்போது தரை தட்டுற எடத்துல கை தன்னால நிதானிக்கும்ல? அந்த நிதானம்தான் கிளட்ச்" என்றார்.

அவர் கொடுத்த முதல் பயிற்சியில் ஆக்சிலரேட்டரைத் தொடவே கூடாது. முதல் கியர் போட்டு, இரண்டு காலையும் தரையில் வைத்து, கிளட்சை நூல் நூலாக விட வேண்டும். வண்டி லேசாக முன்னே இழுக்கும். அங்கேயே கையை நிறுத்தி, இரண்டு எட்டு வண்டியோடு நடந்து, மறுபடி அழுத்திவிட வேண்டும். ஒரு காலைக்கு இருபது முறை. இரண்டாவது பயிற்சி, பத்தடி ஓட்டி நிறுத்துவது. மூன்றாவது, நடந்து போகிறவரின் வேகத்தில் ஓட்டுவது. கிளட்சைப் பாதி பிடித்து, காலால் பின்பிரேக்கை லேசாகத் தொட்டுக்கொண்டே போக வேண்டும். இந்த மெதுவோட்டம் கைவந்தால்தான் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கால் ஊன்றாமல் 'எட்டு' போட முடியும்.

நான்காவது பயிற்சி கண்மாய்க் கரை ஏற்றம். ஏற்றத்தில் நின்று கிளம்பும்போது வண்டி பின்னால் உருளும். வலது காலால் பிரேக்கை அழுத்தியபடி கிளட்சை விட வேண்டும். எஞ்சின் சத்தம் கொஞ்சம் அமுங்கும். அதுதான் அடையாளம். அப்போது ஆக்சிலரேட்டரைக் கூட்டி, பிரேக்கை விட்டால் வண்டி ஏறிவிடும்.

புதிதாகப் பழகுகிறவர்கள் செய்யும் தவறுகள் மூன்று. கிளட்சைப் படாரென்று விடுவது முதல் தவறு. நின்றுவிடுமோ என்ற பயத்தில் ஆக்சிலரேட்டரை முறுக்குவது இரண்டாவது, வண்டி பாய்ந்துவிடும். எப்போதும் கிளட்சில் விரலை வைத்து அழுத்தியபடியே ஓட்டுவது மூன்றாவது. தட்டுகள் தேய்ந்து கருகிய வாடை வரும். பார்வை கையில் இருக்கக் கூடாது, போகிற வழியில் இருக்க வேண்டும். லீவர் விரலுக்கு எட்டாவிட்டாலோ கனமாக இருந்தாலோ மெக்கானிக்கிடம் சொல்லிக் கேபிளைச் சரிசெய்து கொள்ளலாம்.

ஒரு வாரத்தில் மாணவி கண்மாயைச் சுற்றி வந்தார். ஆனால் ரோட்டுக்குப் போவதைத் தள்ளிப் போட்டுக்கொண்டே இருந்தார். ஏன் என்று கேட்டோம்.

காலனியிலிருந்து மெயின் ரோட்டுக்கு ஊர்த்தெரு வழியாகத்தான் போக வேண்டும். அதில் இரண்டு வேகத்தடைகள். ஒன்றின் எதிரே டீக்கடை. அதன் பெஞ்சில் எந்நேரமும் நாலு பேர். "கண்மாய்ல நூறு தடவ ஆஃப் ஆனாலும் வெக்கமில்ல. அந்த வேகத்தடையில நின்னுபோச்சுன்னா?" என்றார்.

இந்தக் கேள்விக்குள் ஒரு நூற்றாண்டின் பயம் இருக்கிறது. அவருடைய தாத்தாவிடம் பேசினோம். சைக்கிள் வாங்கிய புதிதில் ஊர்த்தெரு முனையில் இறங்கி, செருப்பைக் கழற்றி, தள்ளிக்கொண்டே போய் மறுமுனையில் ஏறுவாராம். "ஏறிப் போன ஒருத்தனுக்குச் சைக்கிளை வாய்க்கால்ல தூக்கிப் போட்டாங்க" என்றார். தமிழ்நாட்டுச் சேரிகளில் இப்படி நினைவு வைத்திருக்கும் முதியவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

பழைய கதை என்று தள்ளிவிட முடியாது. 2025 பிப்ரவரியில் சிவகங்கை மாவட்டம் மேலப்பிடாவூரில், புல்லட் ஓட்டிவந்த தலித் கல்லூரி மாணவரின் கைகள் வெட்டப்பட்டன. புல்லட் ஓட்டியதுதான் காரணம் என்று குடும்பத்தார் புகார் கூறினர். மூவர் கைது செய்யப்பட்டனர். வண்டியைப் பிடிக்கும் கைகளைத்தான் வெட்டினார்கள் என்பதை நாம் மறக்க முடியாது.

இந்த இடத்தில் மாணவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய சட்டம் ஒன்று உண்டு. பட்டியல் சாதியினர், பழங்குடியினர் மீதான வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், 1989. இதில் 2015-ல் செய்த திருத்தம் 2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்தது. பட்டியல் சாதியினரோ பழங்குடியினரோ பொது இடத்தில் சைக்கிளோ மோட்டார் சைக்கிளோ ஓட்டுவதையும், செருப்போ புத்தாடையோ அணிவதையும் தடுப்பது குற்றம் என்று பிரிவு 3(1)(இசட்ஏ) சொல்கிறது. தண்டனை ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டு வரை சிறையும் அபராதமும். 'மோட்டார் சைக்கிள்' என்ற சொல்லையே நாடாளுமன்றம் சட்டத்தில் எழுத வேண்டி வந்தது என்றால், அந்தத் தடை எவ்வளவு பரவலாக இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

தடுத்தவர்களோடு தனியாக நின்று வாக்குவாதம் செய்ய வேண்டாம். இடம், நேரம், சொன்ன சொல், உடனிருந்தவர் ஆகியவற்றை அன்றே எழுதி வைத்துக்கொண்டு காவல் நிலையத்தில் புகார் கொடுங்கள். இந்தச் சட்டப்படி முதல் தகவல் அறிக்கை பதியும் முன் பூர்வாங்க விசாரணை தேவையில்லை. வன்கொடுமைத் தடுப்புக்கான தேசிய உதவி எண் 14566.

உரிமை இருந்தால் மட்டும் போதாது, கைப்பழக்கமும் வேண்டும் என்பதற்கு அண்ணல் அம்பேத்கரின் வாழ்க்கையிலேயே ஒரு பாடம் இருக்கிறது. 1929-ல் பம்பாய் மாகாண அரசு அமைத்த விசாரணைக் குழுவின் உறுப்பினராகச் சென்றிருந்த அவர், சாளிஸ்காவ் ரயில் நிலையத்தில் இறங்கினார். அவரை ஏற்றி ஓட்ட டோங்காக்காரர்கள் மறுத்துவிட்டார்கள். வண்டியை மட்டும் வாடகைக்குத் தரச் சம்மதித்தார்கள். விருந்தாளியை நடக்கவைக்க மனமில்லாத மகர் குடியிருப்பு மக்கள், தங்களில் ஒருவரை ஓட்டச் சொன்னார்கள். அவருக்கு டோங்கா ஓட்டிப் பழக்கமில்லை. பாலத்தில் வண்டி விபத்துக்குள்ளாகி, அம்பேத்கர் கல்தரையில் தூக்கி வீசப்பட்டார். கால் எலும்பு முறிந்தது. இதைத் தன் நினைவுக் குறிப்புகளில் அவரே எழுதியிருக்கிறார். சாதி நம்மை வண்டியில் ஏறவிடாமல் தடுத்தது. அதனால் பழகும் வாய்ப்பையும் பறித்தது. எனவே நம் பிள்ளைகள் வண்டியை அரைகுறையாகப் பழகக் கூடாது, முழுதாகப் பழக வேண்டும்.

அதற்குச் சட்டப்படியான வழியும் முக்கியம். கியர் வண்டிக்கு 18 வயது நிறைந்திருக்க வேண்டும். பழகுநர் உரிமம், அதாவது எல்.எல்.ஆர்., ஆறு மாதம் செல்லும். அது கிடைத்து 30 நாள் கழித்துத்தான் ஓட்டுநர் தேர்வு. வண்டியில் எல் போர்டு, உரிமம் உள்ளவர் பின்னால், இருவருக்கும் ஹெல்மெட். 18 நிறையாத பிள்ளை ஓட்டிப் பிடிபட்டால், பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ 25,000 ரூபாய் அபராதமும் மூன்று ஆண்டு வரை சிறையும் உண்டு. உரிமமும் ஹெல்மெட்டும் இல்லாமல் போனால், நம்மை நிறுத்த நினைப்பவர்களுக்கு நாமே காரணம் எடுத்துக் கொடுத்ததாகிவிடும்.

எல்.எல்.ஆர். வந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, மாமாவைப் பின்னால் வைத்துக்கொண்டு மாணவி ஊர்த்தெருவுக்குள் போனார். எதிர்பார்த்த அதே வேகத்தடையில், டீக்கடைக்கு நேராக, வண்டி நின்றுபோனது. பெஞ்சில் ஒருவர் சிரித்தார். இன்னொருவர் ஏதோ சொன்னார். மாமா வாயைத் திறக்கவில்லை. மாணவி இடது காலை ஊன்றி, நியூட்ரலுக்குக் கொண்டுவந்து, ஸ்டார்ட் செய்து, முதல் கியர் போட்டுக் கிளட்சை மெல்ல விட்டார். வண்டி தடையின் மீது ஏறி இறங்கி மெயின் ரோட்டைத் தொட்டது.

"பெஞ்சுல என்ன சொன்னாங்க?" என்று கேட்டோம்.

"காதுல விழல. கிளட்ச் எங்க பிடிக்குதுங்கிறதுலதான் கவனம் இருந்துச்சு" என்றார்.

1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்களைச் சைக்கிள் ஓட்டவைத்தது. அவர்களும் முதலில் விழுந்தார்கள், சிரிப்பைக் கேட்டார்கள், பிறகு ஓட்டினார்கள். மாணவியின் காலனியில் இப்போது இன்னும் மூன்று பெண்கள் எல்.எல்.ஆர். விண்ணப்பித்திருக்கிறார்கள். கண்மாயில் தண்ணீர் வருவதற்குள் பழகிவிட வேண்டும் என்கிறார்கள். வண்டி ஒன்றுதான், முறை வைத்து ஓட்டுகிறார்கள்.