பழைய காருக்கு எந்தப் பெற்றோல்? – ஒக்டேன் எண் பற்றிய ஒரு விளக்கம்

இலங்கையின் எரிபொருள் நிலையங்களில் ஒக்டேன் 92, ஒக்டேன் 95 என இருவகைப் பெற்றோல்கள் விற்பனையாகின்றன. பின்னையது விலை கூடியது. விலையிற் கூடியது தரத்திலும் கூடியதாகவே இருத்தல் வேண்டும் என்னும் எண்ணம் நம்மிடையே வேரூன்றியுள்ளமையால், மொறிஸ் மைனர் போன்ற பழைய கார்களைப் பேணி வருவோர் பலர், முதிய இயந்திரத்திற்கு ஊட்டம் அளிப்பதாகக் கருதி 95ஐ நாடுகின்றனர். 2022ஆம் ஆண்டின் எரிபொருள் நெருக்கடிக்குப் பின்னர் ஒவ்வொரு லீற்றரையும் கணக்கிட்டுச் செலவிடும் குடும்பங்களுக்கு இது சிறிய விடயமன்று. எனவே இவ்வெண்ணம் எவ்வளவு தூரம் பொருந்தும் என்பதை ஆராய்தல் தகும்.

பெற்றோல் இயந்திரத்தின் சிலிண்டருள் வளியும் பெற்றோல் ஆவியும் சேர்ந்த கலவையைப் பிஸ்டன் நெருக்குகின்றது. பின்னர் தீப்பொறியினாற் பற்றிய சுவாலை கலவையூடே படிப்படியாகப் பரவுதல் வேண்டும். ஆனால், சுவாலை சென்றடையும் முன்னரே, எஞ்சியுள்ள கலவை அமுக்கத்தாலும் வெப்பத்தாலும் தானாகவே வெடித்துவிடுவதும் உண்டு. அவ்வேளையில் எழும் உலோகத் தட்டலையே மெக்கானிக்மார் ‘நொக்கிங்’ என்பர். இது நீடிப்பின் பிஸ்டன் பழுதுறும்.

இத்தட்டலை எதிர்க்கும் இயல்பையே ஒக்டேன் எண் குறிக்கின்றது. 1920களில் அமெரிக்க இரசாயனவியலாளர் கிரகாம் எட்கர் வகுத்த அளவுகோலில், எளிதில் தட்டும் ஹெப்டேனுக்கு 0, தட்டலை நன்கு எதிர்க்கும் ஐசோ ஒக்டேனுக்கு 100 என எண்கள் வழங்கப்பட்டன. 92 பங்கு ஐசோ ஒக்டேனும் 8 பங்கு ஹெப்டேனும் கொண்ட கலவைக்கு ஒப்பாகத் தட்டலை எதிர்க்கும் பெற்றோலே ஒக்டேன் 92 ஆகும். ஆகவே ஒக்டேன் எண், எரிபொருளில் அடங்கிய சக்தியின் அளவன்று. அதன் தூய்மைக்குச் சான்றுமன்று.

ஓர் இயந்திரத்திற்கு எவ்வளவு எதிர்ப்பு வேண்டும் என்பதைப் பெரிதும் தீர்மானிப்பது அதன் நெருக்கல் விகிதமாகும். அலெக் இசிகோனிஸ் வடிவமைத்து 1948இல் வெளிவந்த மொறிஸ் மைனரையே எடுத்துக்கொள்வோம். 1952இல் அதிற் பொருத்தப்பட்ட 803 சீசீ இயந்திரத்தின் விகிதம் 7.2இற்கு 1. 1956இல் வந்த 948 சீசீ இயந்திரம் 8.3 விகிதத்தில் அமைந்ததாயினும், தாழ்ந்தரகப் பெற்றோலுக்கென 7.2 விகிதத்திலும் தயாரிக்கப்பட்டது. 1962இல் வந்த 1098 சீசீ இயந்திரத்தின் விகிதம் 8.5 ஆகும். இன்றைய கார்கள் பல 10ஐயும் தாண்டியவை. ஆகவே 7.2 விகித இயந்திரத்திற்கு ஒக்டேன் 92 போதியதற்கும் மேலானது. 8.3, 8.5 விகித இயந்திரங்களோ, ஏற்றத்திலும் பாரத்திலும் தட்டுகின்றனவா என்று கேட்டறிந்து தீர்மானிக்கத்தக்கவை. ‘பழைய கார்’ என்ற ஒரே பெயருக்குள் வெவ்வேறு தேவைகள் அடங்கியுள்ளன.

இவ்விடத்தில் இன்னொரு வேறுபாடும் நோக்கத்தக்கது. புதிய கார்கள் பலவற்றில் தட்டலை உணரும் கருவி உண்டு. எரிபொருளுக்கேற்பத் தீப்பொறியின் நேரத்தை அதன் கணினி மாற்றியமைக்கும். பழைய காரின் டிஸ்ரிபியூட்டர், இயந்திரத்தின் வேகத்தையும் உறிஞ்சலையும் மட்டுமே அறியும்; எரிபொருளின் தரத்தை அறியாது. எனவே தட்டலின்றி ஓடும் பழைய இயந்திரத்தில் 95ஐ நிரப்புவதால் வலு கூடுவதில்லை. அதேவேளை தட்டல் எழுமாயின், தன்னைக் காத்துக்கொள்ளும் வழியும் அதற்கில்லை.

தாழ்ந்த நெருக்கலின் பொறுமைக்கு யாழ்ப்பாணமே சான்று. 1990இன் பின்னர் எரிபொருள் தடைசெய்யப்பட்ட ஆண்டுகளில், ஒஸ்ரின், மொறிஸ் கார்களைச் சிறிதளவு பெற்றோலால் உயிர்ப்பித்து மண்ணெண்ணெயில் ஓட்டினர். மண்ணெண்ணெயின் ஒக்டேன் எண் பெற்றோலினதிலும் மிகத் தாழ்ந்தது. புகையும் தட்டலும் உண்டாயின. எரியாத மண்ணெண்ணெய் கசிந்து இயந்திர எண்ணெயை நீர்க்கச் செய்தது. எனினும் வண்டிகள் ஓடின. மாற்று வழியற்ற மக்களின் சாதுரியம் அது, பின்பற்றத்தக்க முறையன்று.

ஈயத்தைப் பற்றிய மயக்கமும் களையப்பட வேண்டும். 1921இல் தோமஸ் மிட்ஜ்லி, தட்டலை அடக்கும் ஈயச் சேர்வையைக் கண்டறிந்தார். அது வால்வு இருக்கைகளைத் தேய்வினின்றும் காத்தது. குழந்தைகளின் மூளையையோ நஞ்சூட்டியது. இலங்கையில் ஈயப் பெற்றோல் 2002இலும், உலகில் இறுதியாக அல்ஜீரியாவில் 2021இலும் முடிவுக்கு வந்தது. 92, 95 இரண்டும் ஈயமற்றவை. ஆதலால் 95 வால்வுகளைக் காக்கும் என்பது பொருந்தாது; கடின உலோக இருக்கைகளைப் பொருத்துவதே அதற்குப் பரிகாரம்.

முன்னர் அமைதியாக ஓடிய கார் பின்னாளில் தட்டத் தொடங்கின், முதலில் நோக்கவேண்டியவை தீப்பொறியின் நேரமும், எரியறையிற் படிந்த கரியுமாம். கரி படிந்தால் நெருக்கல் உயரும். சூடேறிய கரியே கலவையைப் பற்றவைத்தலும் கூடும். இவற்றைச் சீர்செய்த பின்னரும் தட்டல் நீங்காவிடின், 95இற்குக் கொடுக்கும் மேலதிகப் பணம் நியாயமானதே. தட்டலே இல்லாத காருக்கு அப்பணத்தைக் கொடுப்பவர், தம் இயந்திரம் பயன்படுத்தவியலாத ஓர் இயல்பை விலைக்கு வாங்குகின்றார். பண்டத்தின் விலை வேறு, அதன் பயன்மதிப்பு வேறு என்பது பொருளியல் நூல்களுக்கு மட்டும் உரிய உண்மையன்று. பெற்றோல் நிரப்பும் இடத்திலும் அது நினைவிற் கொள்ளத்தக்கதாகும்.