புகை நின்றால் குப்பையா?

அமெரிக்காவின் லயனல் நிறுவனம் 1946-இல் தன் பொம்மை ரயில் எஞ்சின்களைப் புகைவிட வைத்தது. முதலில் விளக்கின் வெப்பமே புகை மாத்திரையை உருக்கியது. மறு ஆண்டே சூடாகும் கம்பிச்சுருள் வந்தது. சக்கரத்தோடு இயங்கும் சிறு உந்துதண்டு காற்றைத் தள்ள, புகை விட்டுவிட்டு எழும்.

புகை நின்றுபோனால் பெரும்பாலும் கம்பிச்சுருள் அறுந்திருக்கும்; அல்லது மாத்திரைக் கசடு காற்றுத் துளையை அடைத்திருக்கும். திருகாணிகளைக் கழற்றி, கசடைச் சுரண்டி, சுருளை மாற்றினால் எஞ்சின் மீண்டும் புகைவிடும்.

பொருளியல் கற்பித்தவன் என்ற முறையில் நான் சொல்வது இதுவே: பொருளின் ஆயுளை அதன் விலை தீர்மானிப்பதில்லை. அதைத் திறக்க முடிகிறதா, உதிரிபாகம் கிடைக்கிறதா என்பவையே தீர்மானிக்கின்றன. பசையிட்டு மூடிய கைப்பேசியை விற்போரிடம் நாம் கேட்க வேண்டியது சலுகையை அன்று, பழுதுபார்க்கும் உரிமையை.