அகில் கட்டை: மேசைக்கு வாங்கும் முன், வயலில் நடும் முன்

முறுக்கிய வேர் போலவும், அரித்த பாறை போலவும் இருக்கும் ஒரு கரும்பழுப்புக் கட்டை. அடியில் மெருகேற்றிய மரப் பீடம். 'இயற்கையாக விளைந்த அகில். அலுவலகத்தில் வைத்தால் அழகு, ஆண்டுகள் போனால் மதிப்பு கூடும்' என்று சொல்லி விற்கிறார்கள். வியட்நாம், சீனா, ஜப்பான் நாடுகளில் இத்தகைய கட்டைகளைச் சேகரித்து மேசையில் வைப்பது நெடுநாளைய வழக்கம். ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் வெளிநாட்டு நிறுவனங்கள் பெருகிவிட்ட நிலையில், இந்த ரசனை நம் பக்கமும் எட்டிப் பார்ப்பதில் வியப்பில்லை.

கூடவே இன்னொரு பேச்சும் வரும். 'இந்தக் கட்டைக்கே இவ்வளவு விலை என்றால், ஏக்கர் கணக்கில் நட்டால் என்ன ஆகும்?' தென்னேரி ஏரிப் பாசனத்தில் நெல் போடும் உழவர் காதிலும் இது விழும். வாங்குபவரானாலும் நடுபவரானாலும், பணத்தை எடுக்கும் முன் அகில் என்றால் என்ன என்று தெரிந்துகொள்ளுங்கள்.

புண்ணில் விளையும் வாசம்

அகில் மரத்தின் கட்டைக்கு இயல்பாக வாசம் கிடையாது. நலமாக வளரும் மரத்தை வெட்டிப் பார்த்தால் உள்ளே வெளிறிய, எடை குறைந்த, மென்மையான கட்டைதான் இருக்கும். பூச்சி துளைத்தோ, கிளை முறிந்தோ, இடி தாக்கியோ மரத்தில் காயம் ஏற்பட்டு, அதன் வழியே பூஞ்சாணம் புகும்போது, மரம் தன்னைக் காத்துக்கொள்ளக் கரும்பிசின் ஒன்றைச் சுரக்கிறது. அந்தப் பிசின் ஊறிய பகுதிதான் அகில். அசாமில் தண்டு துளைக்கும் புழு ஒன்றே இந்த வேலையைத் தொடங்கிவைக்கிறது. புழு துளைத்த மரத்தை அங்குள்ள வீட்டுத் தோட்டக்காரர்கள் வெட்டி எறிவதில்லை. அதுதான் அவர்களுக்கு வருமானம்.

காட்டு மரங்களில் பத்தில் ஒன்றில்தான் இப்படிப் பிசின் பிடிக்கும் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. வெளியே இருந்து பார்த்தால் எந்த மரத்தில் இருக்கிறது என்று தெரியாது. அதனால் ஒரு மரத்துக்காகப் பல மரங்களை வெட்டினார்கள். விளைவு, இந்தியாவின் வடகிழக்கு மாநிலங்களுக்குரிய அகில் இனம் இன்று உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் பட்டியலில் 'மிக அருகிய' நிலையில் இருக்கிறது.

பேர் மட்டும் நமக்குப் பழையது. சங்க நூல்களிலும் சிலப்பதிகாரத்திலும் அகில் வருகிறது. அகில் புகையில் கூந்தலை உலர்த்திய பெண்களைப் பழம்பாடல்கள் காட்டுகின்றன. போர்ச்சுகீசியர் வாயில் நம் 'அகில்' சிதைந்து, பிறகு ஐரோப்பியர் அதைக் கழுகின் பெயரோடு குழப்பிக்கொண்டதால்தான் ஆங்கிலத்தில் இதற்குக் 'கழுகு மரம்' என்று பொருள்படும் பெயர் வந்தது என்பார்கள். ஆனால் மேற்குத் தொடர்ச்சி மலையில் 'வெள்ளகில்' எனப்படுவது வேப்பங் குடும்பத்தைச் சேர்ந்த வேறு மரம். பேர் ஒன்றாக இருப்பதால் இரண்டும் ஒன்று என எண்ணிவிடாதீர்கள்.

மேசைக்கு வாங்குகிறீர்களா?

உலகின் புகழ்பெற்ற அகில் கட்டை ஜப்பானின் நாரா நகரில், அரச கருவூலத்தில் இருக்கிறது. பெயர் ரஞ்சாதாய். நீளம் சுமார் 156 செ.மீ., எடை 11.6 கிலோ. 1574-ல் படைத்தலைவர் ஒடா நொபுனாகாவும், 1877-ல் மெய்ஜி பேரரசரும் அதில் சிறு துண்டு வெட்டிக்கொண்டதை இன்றும் கட்டையின் மேல் சீட்டு ஒட்டிக் காட்டுகிறார்கள். பிசின் நிறைந்த பெரிய கட்டை எவ்வளவு அரிது என்பதற்கு இது ஒன்றே சான்று. ஆகவே முழங்கை நீளக் கருங்கட்டை சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கிறது என்றால், சந்தேகப்படுவதே முறை.

இன்று கடைக்கு வரும் அலங்காரக் கட்டைகளில் பெரும்பாலானவை தோட்ட மரங்களில் இருந்து வருபவை. தண்டில் துளையிட்டுப் பிசின் உண்டாக்கி, பிறகு வெளிறிய பகுதியைச் செதுக்கி எடுத்துவிட்டால், பிசின் பிடித்த நரம்புகள் மட்டும் விசித்திர வடிவில் நிற்கும். இதைச் சொல்லி விற்றால் அது நேர்மையான பொருள். சாதாரணக் கட்டைக்குச் சாயம் ஏற்றி, எண்ணெயில் ஊறவைத்து, அழுத்தி விற்பதும் உண்டு. வணிகர்கள் இதற்கு 'பிளாக் மேஜிக் வுட்' என்றே பேர் வைத்திருக்கிறார்கள்.

ஜரிகையை உரசிப் பார்த்து வாங்குகிற மாவட்டம் நம்முடையது. கட்டையையும் பார்த்தே வாங்குங்கள்.

* உண்மையான அகிலில் கருமை கோடுகளாகவும் திட்டுகளாகவும், விட்டு விட்டு ஓடும். முழுக்க ஒரே கறுப்பாக இருந்தால் சாயமாக இருக்கலாம்.

* ஈர வெள்ளைத் துணியால் அழுத்தித் துடையுங்கள். நிறம் ஒட்டக் கூடாது.

* சூடுபடுத்தாத கட்டையில் வாசம் மெல்லியதாகத்தான் இருக்கும். அறை முழுக்க அத்தர் மணந்தால் அது மேலே தடவியது.

* சீவலைத் தணலில் இட்டால் இனிய, கனமான புகை வர வேண்டும். பெயிண்ட், பிளாஸ்டிக் நெடி வந்தால் விட்டுவிடுங்கள்.

* 'தண்ணீரில் மூழ்கும்' என்ற சோதனையை மட்டும் நம்பாதீர்கள். பிசின் மிகுந்தால் மூழ்குவது உண்மை. உள்ளே உலோகம் செருகினாலும் மூழ்கும்.

வெளிநாட்டில் இருந்து கொண்டுவருவோர் கூடுதலாக ஒன்றை அறிய வேண்டும். வடகிழக்கு அகில் இனம் 1995 முதலும், மற்ற அகில் இனங்கள் 2005 முதலும் சைட்டிஸ் என்னும் பன்னாட்டு உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் உள்ளன. கடையில் விற்கத் தயாராகப் பொதியிட்ட சில பொருட்களுக்கு அதில் விலக்கு உண்டு. ஆனால் செதுக்கிய சிற்பம், மணிமாலை, மரச்சீவல் ஆகியவற்றுக்கு அந்த விலக்கு பொருந்தாது. சொந்த உபயோகத்துக்கு ஒருவர் ஒரு கிலோ வரை சீவல், 24 மி.லி. எண்ணெய், இரண்டு மாலை கொண்டுசெல்லலாம் என உடன்படிக்கை சலுகை தருகிறது. அந்தச் சலுகையிலும் சிற்பம் இல்லை. நாடுகள் இதைவிடக் கடுமையாகவும் நடக்கலாம். எனவே அனுமதிச் சான்று இல்லாத கட்டையை நண்பர் பரிசளித்தாலும், விமானத்தில் ஏற்றும் முன் யோசியுங்கள். உள்நாட்டில் வாங்கினாலும், எந்த மாநிலம், தோட்ட மரமா, என்ன இனம் ஆகியவை எழுதிய பில் கேளுங்கள். பட்டுக்கு சில்க் மார்க் கேட்கும் நாம், அகிலுக்குப் பில்லாவது கேட்க வேண்டாமா?

வாங்கிய கட்டைக்கு வார்னிஷ் பூச வேண்டாம். நேர் வெயிலும் ஏ.சி. காற்றும் படாமல் வைத்து, உலர்ந்த துணியால் தூசு துடைத்தாலே போதும்.

வயலில் நடுகிறீர்களா?

வடகிழக்கில் அகில் உண்மையான தொழில். அசாமின் ஹோஜாய் இதன் பெரிய சந்தை. திரிபுரா அரசு 2021-ல் அகிலுக்கென்றே தனிக் கொள்கை வகுத்தது. 2024 ஏப்ரல் முதல் இந்தியாவுக்கு ஆண்டுக்கு 1,51,080 கிலோ சீவலும் தூளும், 7,050 கிலோ எண்ணெயும் ஏற்றுமதி செய்ய ஒதுக்கீடு கிடைத்தது. இந்த எண்களைக் காட்டித்தான் இங்கே கன்று விற்கிறார்கள்.

ஆனால் அங்குள்ள மழையும் ஈரக்காற்றும் வேறு. பல மாதங்களில் பரவலாக மழை பெய்யும் ஊர்களில், பாக்கு மரத்து நிழலில், வடிகால் உள்ள மேட்டில் வளர்கிறது அகில். காஞ்சிபுரம் வட்டாரத்தில் சுமார் 1,200 மி.மீ. மழைதான். அதில் பெரும்பகுதி சில மாதங்களுக்குள் கொட்டிவிடும். கோடையில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும். ஏரிப் பாசன வயலோ தண்ணீர் நிற்கும் களிமண். வேர் மூச்சுவிட முடியாத இடத்தில் அகில் தாங்காது.

காலக் கணக்கையும் போடுங்கள். பிசினூட்டும் பருமன் வர ஆறு முதல் எட்டு ஆண்டு. ஊட்டியபின் மேலும் இரண்டு, மூன்று ஆண்டு. பத்து ஆண்டுக்கு அந்த நிலத்தில் நெல் வருமானம் இல்லை. இலையை மொட்டையடிக்கும் புழுவும் உண்டு. ஊட்டிய எல்லா மரத்திலும் ஒரே தரத்தில் பிசின் பிடிக்கும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது.

கன்று விற்பவரிடம் நான்கு கேள்வி கேளுங்கள். என்ன இனம்? பூஞ்சாணம் செலுத்துவது யார், செலவு யாருடையது? திரும்ப வாங்குவதை எழுத்தில் தருவீர்களா? நம் மாதிரித் தட்பவெப்பத்தில் அறுவடை செய்த மரத்தையும் விற்ற பில்லையும் காட்ட முடியுமா? நான்காவது கேள்விக்குப் பதில் வரவில்லை என்றால் நகையை அடகு வைக்காதீர்கள்.

ஆசை விடவில்லையா? தண்ணீர் தேங்காத கிணற்றடி மேட்டில், தென்னை நிழலில் பத்துக் கன்று மட்டும் வையுங்கள். தழைத்தால் ஊர் கற்றுக்கொள்ளும். பட்டுப்போனால் இழப்பு பத்துக் கன்றோடு போகும். வரப்பில் மரம் வேண்டுவோர் தேக்கு, வேங்கை, செம்மரம், மகோகனி ஆகியவற்றில் தம் மண்ணுக்கு ஏற்றதைக் கேட்டு வைக்கலாம். நீடித்த பசுமைப் போர்வை இயக்கத்தில் கன்று இருப்பு பற்றி வட்டார வேளாண் அலுவலகத்திலும் உழவன் செயலியிலும் விசாரியுங்கள். மண் பரிசோதனைக்குக் காட்டுப்பாக்கம் வேளாண் அறிவியல் நிலையத்தையும், மர ரகங்களுக்கு மேட்டுப்பாளையம் வனக் கல்லூரியையும் அணுகலாம். அகில் பற்றியே ஆழமாகத் தெரிய வேண்டுமானால், பூஞ்சாணம் செலுத்தும் முறையில் நெடுங்காலம் ஆய்ந்த ஜோர்ஹாட் மழைக்காடு ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது.

அகில் கட்டை மேசையில் இருந்தால் அழகுதான். அதற்காக ஏரி நீர் பாயும் நெல் வயலை முழுதாக மாற்றுவது வேறு விஷயம். அந்த முடிவைக் கன்று விற்பவர் பேச்சைக் கேட்டு எடுக்காமல், மண்ணைச் சோதித்து எடுங்கள்.