வெட்ட வெட்ட முளைக்குதா? வீட்டு மரங்களின் துளிரையும் வேரையும் சமாளிப்பது எப்படி?

மழை நின்று ரெண்டு வாரம் போதும். மொட்டை மாடி கைப்பிடிச் சுவரில் அரசங்கன்று, காம்பவுண்டு ஓரமா வேப்பங்கன்று, போன வருஷம் வெட்டின மரத்தோட அடிக்கட்டையில் கொத்துக் கொத்தாகத் துளிர். அரிவாளை எடுத்து ஒரு வெட்டு வெட்டினால், அடுத்த மாதம் ஒன்றுக்கு நாலாக எழுந்து நிற்கும். ‘இதுக்கு ஒரு முடிவே இல்லையா?’ என்று அலுத்துப்போய் சிலர் ஆசிட் பாட்டிலைத் தேடுகிறார்கள். அங்கேதான் சின்ன தொல்லை பெரிய செலவாக மாறுகிறது.

ஏன் திரும்பத் திரும்ப முளைக்கிறது?

இலைகள் தயாரிக்கும் உணவில் ஒரு பங்கை மரம் வேரிலும் அடித்தண்டிலும் மாவுச்சத்தாகச் சேர்த்து வைக்கிறது. பட்டைக்கு அடியில் உறக்க நிலையில் மொட்டுகளும் இருக்கும். மேலே வெட்டியதும் அந்த மொட்டுகள் விழித்து, சேமிப்பை எடுத்துச் செலவழித்துத் துளிர் விடுகின்றன. முருங்கையை வெட்டிவிட்டு, புதுத் துளிரில் கீரை பறிக்கிறோமே, அதுவும் இதே குணம்தான். ஆக, வெட்டுவது பாதி வேலை. வேரில் இருக்கும் சேமிப்பு தீர்ந்தால்தான் மீதி வேலை முடியும்.

முதலில் பார்க்க வேண்டியது என்ன?

துளிருக்கு அடியில் மண்ணைக் கொஞ்சம் விலக்கிப் பாருங்கள். மூன்றில் ஒன்றாக இருக்கும்.

* விதையில் முளைத்த கன்று: நேராகக் கீழே இறங்கும் ஆணிவேர் இருக்கும். மண் ஈரமாக இருக்கும்போது வேரோடு பிடுங்கினால் கதை முடிந்தது.

* அடிக்கட்டைத் துளிர்: இலை முற்றுவதற்குள் ஒடித்துவிட வேண்டும். இலை முற்றினால் வேருக்கு மறுபடி உணவு போய்ச் சேரும். விடாமல் ஒடித்துக்கொண்டே வந்தால் கட்டை மெல்ல மெல்லப் பட்டுப்போகும், பொறுமை வேணும். சீமைக் கருவேலத்தைத் தரை மட்டத்தில் வெட்டிப் பயனில்லை. அதன் மொட்டுகள் மண்ணுக்கு அடியிலும் இருப்பதால், சுமார் 30 செ.மீ. ஆழம் வரை தோண்டி எடுப்பது நல்லது.

* வேர்த்துளிர்: பக்கத்தில் நிற்கும் மரத்தின் படுக்கை வேரிலிருந்து கிளம்புவது. வேம்பின் வேரில் மண்வெட்டி பட்டால் அந்த இடத்தில் இப்படித் துளிர்க்கும். இதைக் கையால் ஒடித்தாலே போதும். மருந்து வைத்தால் அது வேர் வழியாகத் தாய் மரத்துக்கும் போய்விடும். நிழல் தரும் வேம்பை இழக்க வேண்டியிருக்கும்.

களைக்கொல்லி போடலாமா?

அடிக்கட்டை மருந்து வேலை செய்ய ஒரு முறை இருக்கிறது. வெட்டிய சில நிமிடங்களுக்குள், பட்டையை ஒட்டிய உள் வளையத்தில் தடவ வேண்டும். காய்ந்த கட்டையில் ஊற்றினால் உள்ளே இறங்காது. ஆனால், கிளைபோசேட் மருந்தைப் பூச்சிக் கட்டுப்பாட்டுப் பணியாளர்கள் மூலமாக மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்று மத்திய அரசு 2022-ல் கட்டுப்பாடு விதித்தது. எனவே மருந்துதான் வழி என்றால், உரிமம் உள்ளவரை அழைப்பதே சரி. உப்பு, மண்ணெண்ணெய், பழைய இன்ஜின் ஆயில் எல்லாம் மண்ணைக் கெடுக்கும். பக்கத்தில் கிணறு இருந்தால் தண்ணீரும் கெடும்.

சுவரில் அரசு, ஆல் முளைத்தால்?

பழத்தைத் தின்ற பறவையின் எச்சத்தில் விதை வருகிறது. ஈரம் தங்கும் விரிசல் கிடைத்தால் முளைத்துவிடும். நாலு இலைப் பருவத்தில் ரெண்டு விரலால் பிடுங்கலாம். வேர் சுவருக்குள் இறங்கிவிட்டால் இழுக்காதீர்கள். பூச்சும் செங்கல்லும் சேர்ந்து வந்துவிடும். கொத்தனாரை வைத்து அந்த இடத்தைக் கொத்தி, வேரை எடுத்துவிட்டு, கலவை வைத்து விரிசலை அடைக்க வேண்டும். ஆசிட் சிமென்ட்டை அரிக்கும். உப்பு உள்ளே இருக்கும் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். பெருங்காயம் வைத்து அடைக்கும் பழக்கமும் உண்டு. எதை வைத்தாலும் விரிசல் திறந்தே இருந்தால், அடுத்த பறவை அடுத்த விதையைப் போட்டுவிடும்.

டிரெய்னேஜ் பைப்புக்குள் வேர் போனால்?

மரத்தின் வேர்களில் பெரும்பகுதி மேல் மண்ணில், சுமார் 60 செ.மீ. ஆழத்துக்குள்தான் படர்கிறது. நல்ல பைப்பை வேர் உடைப்பது அபூர்வம். ஏற்கெனவே கசியும் இணைப்பிலோ விரிசலிலோ முடி போல நுழைந்து, உள்ளே போய் தடிக்கும். வேரை மட்டும் வெட்டிவிட்டுக் கசிவை அப்படியே விட்டால் மறுபடியும் வரும். பழைய மண் குழாயை மாற்றி, இணைப்புகளை நன்றாக ஒட்டுவதுதான் நிரந்தரத் தீர்வு.

எந்த வேரை வெட்டக் கூடாது?

மரத்தைத் தாங்கிப் பிடிப்பது தண்டை ஒட்டிய தடித்த வேர்கள். தண்டின் விட்டத்தைப் போல ஐந்து மடங்கு தூரத்துக்குள் தடித்த வேர் எதையும் வெட்டாமல் இருப்பது பாதுகாப்பு. தண்டு 30 செ.மீ. என்றால், ஒன்றரை மீட்டர். 2016 டிசம்பரில் வர்தா புயல் சென்னையில் ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்ததை மறந்திருக்க மாட்டீர்கள். ஒரு பக்க வேரை இழந்த மரம் அடுத்த புயலில் எந்தப் பக்கம் சாயும் என்று சொல்ல முடியாது. தரையோ சுவரோ விரிசல் விட்டிருந்தால், வெட்டும் முன் மரம் அறிந்த ஒருவரிடம் காட்டிவிடுங்கள்.

அனுமதி வேணுமா?

வாசலுக்கு வெளியே தெருவில் நிற்கும் மரத்தில் நீங்களே கை வைக்கக் கூடாது. மாநகராட்சி அல்லது ஊராட்சியிடம் கேட்க வேண்டும். அறிவிக்கப்பட்ட மலைப் பகுதிகளில், 1955-ம் ஆண்டின் மரப் பாதுகாப்புச் சட்டப்படி, சொந்த நிலத்து மரத்தை வெட்டவும் அனுமதி தேவை.

மற்றபடி வீட்டைச் சுற்றி மாதம் ஒருமுறை ஒரு நடை போதும். மொட்டை மாடி, சன்ஷேடு, செப்டிக் டேங்க் மூடியைச் சுற்றிய இடம், காம்பவுண்டு மூலை. நாலு இலையில் பிடுங்கினால் ஒரு நிமிஷ வேலை. நாலு வருஷம் விட்டால், கொத்தனார் கூலியில் தொடங்கிக் கணக்குப் போட வேண்டியிருக்கும்.