142 அடித் தண்ணீரில் எத்தனை மீன்?

எங்கள் ஊர் தேவாரத்தில் சாரல் பிடித்துவிட்டால் டீக்கடை பெஞ்சில் முதல் பேச்சே, "எத்தனை அடி?" என்பதுதான். எந்த அணை என்று யாரும் சொல்வதில்லை, யாரும் கேட்பதுமில்லை. 152, 136, 142 என்ற மூன்று எண்களும் இங்கே ஆறாம் வகுப்புப் பிள்ளைக்குக்கூட மனப்பாடம். பெரியாறு அணையில் 152 அடி தேக்கிய காலம் ஒன்று. 1979-இல் அதை 136-க்கு இறக்கினார்கள். 2014-இல், 142 வரை தேக்கலாம் என்றது உச்ச நீதிமன்றம். அந்தத் தண்ணீரில் ஒரு பங்கு லோயர் கேம்ப்பிலிருந்து 18-ஆம் கால்வாய் வழியாக நம் பக்கத்துக் கண்மாய்களுக்கு வருகிறது. அதனால் அடிக்கணக்கு இங்கே வெறும் ஊர்ப்பேச்சு இல்லை, சோற்றுக்கணக்கு. நாளிதழிலும் தினமும் நீர்மட்டம் வருகிறது, வரத்து வருகிறது, வெளியேற்றம் வருகிறது. அந்த அடிகளுக்குள் என்ன நீந்துகிறது என்பது மட்டும் ஒரு நாளும் வந்ததில்லை.

ஊருக்கு மேற்கே சுவர் மாதிரி நிற்கும் மலையை ஒரு நிமிடம் மீனின் கண்ணால் பார்க்க வேண்டும். சாக்கலூத்து மெட்டு மாதிரி ஒரு விளிம்பில் மழை பெய்கிறது. அந்தப் பக்கம் விழுந்த துளி ஏலத்தோட்டத்து ஓடைகளில் இறங்கி, பெரியாற்றோடு சேர்ந்து அரபிக் கடலுக்குப் போகிறது. இந்தப் பக்கம் விழுந்த துளி வைகை வழியாகக் கிழக்கே நடந்து, பெரும்பாலும் கடலைப் பார்க்காமலே ராமநாதபுரம் பெரிய கண்மாயில் முடிந்துபோகிறது. இரண்டு துளிக்கும் நடுவில் ஒரு முழம்தான். ஆனால் நன்னீர் மீனுக்கு அந்த ஒரு முழம் ஒரு சமுத்திரம். அதற்குக் காலும் இல்லை, சிறகும் இல்லை. கடல் வழியாகச் சுற்றி வரலாம் என்றால் உப்புத் தண்ணீர் ஆகாது. மலையோடையின் குளிர்ந்த, வேகமான தண்ணீருக்குப் பழகிய மீனுக்குச் சமவெளி ஆற்றின் சூடும் கலங்கலும்கூடத் தடைதான். ஆகவே ஒவ்வொரு மலையோடையும் ஒரு தீவு. லட்சக்கணக்கான ஆண்டுகள் தனித்தனியே கிடந்த தீவுகளில் தனித்தனி மீன்கள் உருவாயின. மேற்குத் தொடர்ச்சி மலையில் ஒரே ஆற்றில் மட்டும், சில நேரம் ஒரே ஓடையில் மட்டும் காணப்படும் மீன்கள் இத்தனை இருப்பதற்குக் காரணம் இதுதான்.

இப்படிப்பட்ட தீவு மீன்களில் மிக வினோதமான ஒன்று, தேக்கடிக்கு மேலே பெரியாற்று ஓடைகளில் இருக்கிறது. 1941-இல் அதற்கு லெபிடோபைகாப்சிஸ் டைபஸ் என்று பெயர் வைத்தவர், சென்னை மாகாண மீன்வளத் துறையின் இயக்குநராக இருந்த பி. சுந்தர ராஜ். நாக்குச் சுளுக்கும் இந்தப் பெயரைப் பிரித்தால் 'பின்பக்கம் செதில் உள்ளது' என்பது போல ஒரு பொருள் வரும். பெயர் பொருத்தமானதுதான். உடம்பில் செதில் அரிது. ஆனால் ஆசனவாய்க்கு இரு பக்கமும் கூரைக்கு ஓடு வேய்ந்தது போலப் பெரிய செதில்கள் வரிசையாக இருக்கும். இந்த அடையாளம் இமயமலை ஆறுகளில் வாழும் பனிக்கெண்டைகளுக்கு உரியது. இமயத்து மீன் தேக்கடிக்கு எப்படி வந்தது? அந்தக் காலத்தில் இந்திய விலங்கியல் ஆய்வு நிறுவனத்தின் சுந்தர் லால் ஹோரா, பழைய குளிர்யுகங்களில் வடகிழக்கின் மலை மீன்கள் விந்திய, சாத்பூரா மலைத்தொடர்களைப் பாலமாகக் கொண்டு தெற்கே வந்தன என்று சொல்லிவந்தார். தேக்கடி மீன் அந்தக் கதைக்குக் கனகச்சிதமாகப் பொருந்துவது போல் தோன்றியது. பிறகு மரபணுவைப் படிக்கும் வித்தை வந்தது. படித்துப் பார்த்தால் இது இமயத்து விருந்தாளியே இல்லை. நம் தென்னாட்டுக் கெண்டைகளுக்கே நெருங்கிய பங்காளி. ஒரே மாதிரி குளிர், ஒரே மாதிரி ஓட்டம் இருந்தால் உறவில்லாத உடம்புகளும் ஒரே மாதிரி ஆகலாம். சாயலைப் பார்த்துச் சொந்தம் கொண்டாடக் கூடாது என்பது மீனுக்கும் பொருந்துகிறது.

சுந்தர ராஜ் அதே ஆண்டில் அதே பெரியாறு அணை ஏரிப் பகுதியிலிருந்து இன்னும் இரண்டு கெண்டைகளை அறிமுகப்படுத்தினார். பட்டியல் அதோடு நிற்கவில்லை. 1996, 1999, 2001, 2005 என்று ஏரியைச் சுற்றியுள்ள அந்த ஒரே பெரியாறு புலிகள் காப்பகத்தின் ஓடைகளிலிருந்து புதுப்புது மீன்கள் அறிவியலின் கணக்குக்கு வந்தபடி இருந்தன. அவற்றில் ஒன்று கர்ரா என்ற வகையைச் சேர்ந்தது. இந்த வகை மீனுக்குத் தாடைக்குக் கீழே வட்டமாக ஓர் உறிஞ்சு திண்டு இருக்கும். காட்டாற்று வெள்ளம் அடித்தாலும் பாறையில் முகத்தை ஒட்டிக்கொண்டு அசையாமல் கிடக்கும். புலி கணக்கெடுப்புக்குக் கேமரா மாட்டிய காட்டில், நூறாண்டு பழைய ஏரியின் ஓரத்தில், 2005-இல்கூடப் புது மீன் கிடைக்கிறது என்றால் நாம் தண்ணீருக்குள் எவ்வளவு குறைவாக எட்டிப் பார்த்திருக்கிறோம்!

1895-இல் பொறியாளர் பென்னிகுக்கின் பெரியாறு அணை முடிந்தபோது அந்த ஒரு முழச் சமுத்திரத்தில் ஓட்டை விழுந்தது. 5,704 அடி நீளத்துக்கு மலையைக் குடைந்து மேற்கே போன ஆற்றைக் கிழக்கே திருப்பினார்கள். கம்பம் பள்ளத்தாக்கு அதனால் பிழைத்தது. அதில் மறுபேச்சுக்கே இடமில்லை. தண்ணீர் வந்த கதையை நாம் நூறு முறை சொல்லியாயிற்று, பொங்கல் வைத்தும் கொண்டாடியாயிற்று. தண்ணீரோடு வேறு என்ன வரும் என்பதற்குத் தென்னாப்பிரிக்கா ஒரு பாடம் வைத்திருக்கிறது. அங்கே ஆரஞ்சு ஆற்றின் நீரை கிரேட் ஃபிஷ் ஆற்றுக்குக் கொண்டுபோக 82 கிலோமீட்டருக்கு மேல் சுரங்கம் வெட்டி 1975-இல் திறந்தார்கள். அதுவரை ஒன்றையொன்று பார்த்தேயிராத இரு ஆறுகள். சுரங்கம் வழியாகவே ஆரஞ்சு ஆற்று மீன்கள் பல மறுபக்கம் போய்க் குடியேறிவிட்டன. அவற்றில் ஒன்று, நம் ஊரில் தடையையும் மீறித் திருட்டுத்தனமாக வளர்க்கப்படும் அதே ஆப்பிரிக்கக் கெளுத்தி. நம் தண்ணீர் இரைச்சல் பாலத்தில் விழுந்து அடிபட்டோ, லோயர் கேம்ப் மின்நிலையத்தின் ராட்சதக் குழாய்களுக்குள் புகுந்து புறப்பட்டோதான் வருகிறது. வளர்ந்த மீனுக்கு அது எமலோகம். முட்டையும் மூன்று நாள் குஞ்சும் வேறு கணக்கு.

மேலே ஏரியிலோ ஆட்கள் மாறிவிட்டார்கள். நீலகிரிக்கு 1939-இல் வந்த சாதாக் கெண்டையும், 1952-இல் நாட்டுக்குள் வந்த ஜிலேபியும்தான் இன்று பெரியாறு ஏரியில் வலை வீசும் மன்னான் பழங்குடியினரின் வலையில் அதிகம் ஏறுகின்றன. ஜிலேபியின் தாய் முட்டையை வாயிலேயே வைத்துப் பொரிக்கும். குஞ்சுகளுக்கு ஆபத்து என்றால் மறுபடி வாய்க்குள் வாங்கிக்கொள்ளும். அப்படிப்பட்ட தாயோடு போட்டி போட எந்த ஓடை மீனால் ஆகும்? சுந்தர ராஜின் மீன், ஏரியை விட்டு மேலோடைகளில் ஒதுங்கி, இப்போது உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் அழியும் நிலைப் பட்டியலில் இருக்கிறது.

இந்தப் பக்கம் வருவோம். மதுரைக்கு மேற்கே பிறந்தவனிடம் மீனைப் பற்றி எழுதச் சொல்லி, அயிரையைச் சொல்லாமல் அவன் முடித்தால் அவன் வேறு ஊர்க்காரன். குறுந்தொகையிலேயே பழனத்தில் பரந்து மேயும் மீன் இது. சுண்டுவிரல் நீளம், சந்தையில் கிலோ ஆயிரம் ரூபாயைத் தாண்டும். உயிரோடு வாங்கிவந்து பாலில் விட்டு மண்ணைக் கக்கவைத்து, மண்சட்டியில் கல் உப்புப் போட்டு உரசிக் கழுவி, புளிக்குழம்பில் விடுவார்கள். அதன் அறிவியல் பெயரில் உள்ள 'தெர்மாலிஸ்' என்ற சொல் வெந்நீரைக் குறிக்கும். 1846-இல் பிரெஞ்சு அறிஞர் வலென்சியென் இதை விவரித்தபோது அவர் கையில் இருந்த மீன் இலங்கையில், திருகோணமலைக்குப் பக்கத்துக் கன்னியா வெந்நீரூற்றில் பிடித்தது. வைகை மணலில் புதைந்து கிடக்கும் மீனுக்கு வெந்நீரூற்றின் பெயர்!

அயிரையின் உடம்பே ஒரு பாடப்புத்தகம். கண்ணுக்குக் கீழே மடக்கி நிமிர்த்தக்கூடிய குட்டி முள் ஒன்று உண்டு. கொக்கின் தொண்டையில் அது என்ன செய்யும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். தண்ணீரில் ஆக்சிஜன் குறைந்தால் இந்தக் குடும்பத்து மீன்கள் மேலே வந்து காற்றை ஒரு வாய் விழுங்கி, குடலாலேயே மூச்சு வாங்கி, மிச்சத்தைப் பின்வழியாகக் குமிழியிட்டு விட்டுவிடும். கோடையில் ஓடை வற்றி ஒரே ஒரு கசம் மிஞ்சினாலும் தாக்குப்பிடிப்பது இதனால்தான். ஆனால் இந்தக் கெட்டிக்காரத்தனம் எல்லாம் மணல் இருக்கும்வரைதான். புதைந்துகொள்ள மணல் இல்லாத ஆற்றில் அயிரை கூரையில்லாத வீட்டில் இருப்பது மாதிரி.

இந்த அயிரைக்கும் அதன் பக்கத்துவீட்டுப் பொடி மீன்களுக்கும் மீன்வளர்ப்புக் கையேடுகள் வைத்திருக்கும் பெயர் 'களை மீன்'. கண்மாயை மீன்பாசி குத்தகைக்கு எடுத்தவர், கட்லா, ரோகு குஞ்சு விடுவதற்கு முன் இலுப்பைப் புண்ணாக்கைக் கரைத்துவிட்டுக் களை மீனை ஒழிக்க வேண்டும் என்பது பாடம். குத்தகைக்காரரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. போட்ட பணம் திரும்ப வேண்டும். ஆனால் கட்லாவைவிடப் பல மடங்கு விலைபோகும் மீனைக் களை என்று எழுதியவர் சந்தைக்குப் போனதே இல்லை என்று நினைக்கிறேன். மேலே ஏலத்தோட்டங்களில் வேறு கதை. அழுகல் நோய்க்கு அடிக்கும் போர்டோக் கலவையில் உள்ள செம்பு மீனின் செவுளைக் கெடுக்கும். தண்டுத் துளைப்பானுக்கு அடிக்கும் குயினால்பாஸ் அதைவிட மோசம். மருந்தடித்த மறுநாள் மழை பிடித்தால் அது போகும் இடம் ஓடைதான்.

தண்ணீரில் என்னென்ன மீன் என்று எண்ணுவதற்கு இன்று வலைகூட வேண்டாம். மீன் நீந்திப் போன இடத்தில் சளியும் கழிவும் உதிர்ந்த செல்லும் மிதக்கும். ஒன்றிரண்டு லிட்டர் தண்ணீரை மெல்லிய சவ்வில் வடிகட்டி அதில் உள்ள மரபணுவைப் படித்தால், வந்துபோனவர் யார் என்ற பட்டியல் கிடைத்துவிடும். ஹைதராபாத்தின் சிசிஎம்பி ஆய்வகம் ஒடிசாவின் சில்கா ஏரியில் இந்த முறையில் வேலை செய்திருக்கிறது. தேக்கடித் தலைமதகில் ஒரு குப்பி, லோயர் கேம்ப்பில் ஒரு குப்பி, தேவாரத்துக் கண்மாயில் ஒரு குப்பி, பெரியாற்றுத் தண்ணீர் வராத மலையடி ஓடை ஒன்றில் இன்னொரு குப்பி. நாலு குப்பித் தண்ணீரை ஒப்பிட்டால் 130 ஆண்டாக ஓடும் தண்ணீர் எதை இந்தப் பக்கம் இறக்கிவிட்டது என்பது தெரிந்துவிடும். நீர்மட்டத்துக்குப் பக்கத்தில் ஒரு வரி சேர்த்துப் போடலாம்.

போன முறை 18-ஆம் கால்வாயில் தண்ணீர் விட்ட வாரம், ஊருக்கு வெளியே ஒரு சின்னப் பாலத்தடியில் நாலு பையன்கள் துண்டை விரித்துப் பிடித்து நின்றார்கள். பிடித்ததைத் தண்ணீர் பாட்டிலில் விட்டு வைத்திருந்தார்கள். "என்ன மீனுடா?" என்று கேட்டேன். "பொடிண்ணே" என்றான் ஒருவன். பாட்டிலை வாங்கி வெயிலில் தூக்கிப் பார்த்தேன். ஏழெட்டுக் குஞ்சுகள் சுற்றிச்சுற்றி வந்தன. ஒன்று மட்டும் நீந்தவில்லை. தாடையை பிளாஸ்டிக்கில் ஒட்டிக்கொண்டு, பாட்டிலைக் கவிழ்த்துக் குலுக்கினாலும் விடாமல், அப்படியே கிடந்தது. மலைக்கு எந்தப் பக்கத்து மீன் என்று கண்ணால் சொல்ல முடியாது.