எப்பாக்ஸித் தரையின் பராமரிப்பு

புனேயை அடுத்த பிம்பிரியில் 1954-ஆம் ஆண்டில் ஹிந்துஸ்தான் ஆன்டிபயாடிக்ஸ் நிறுவனமும், புனேயில் 1966-இல் சீரம் நிறுவனமும் தோன்றின. மருந்தைக் குப்பிகளில் நிரப்பும் அறைகளில் தரையிலுள்ள சிறு வெடிப்பும் கிருமிகளுக்குப் புகலிடமாகும். ஆதலின், இணைப்புக் கோடுகளற்ற எப்பாக்ஸித் தரை மருந்தாலைகளில் பெரிதும் விரும்பப்படுகிறது.

எப்பாக்ஸி ஒரு செயற்கைப் பிசின். இறுகச் செய்யும் பொருளை அதனுடன் கலந்ததும் மூலக்கூறுகள் வலைபோற் பிணைந்து கெட்டிப்படுகின்றன. மறுநாளே அதன்மீது நடக்கலாமெனினும், முற்றும் இறுகுவதற்குச் சுமார் 7 நாட்களாகும். அதுவரை நீர்விட்டுக் கழுவலாகாது.

இத்தரை பல இரசாயனங்களைத் தாங்கும்; மணலைத் தாங்காது. மணற்பொடி விளைவிக்கும் நுண்ணிய கீறல்களில் அழுக்கும் கிருமிகளும் தங்கிவிட்டால், தரை எதற்காக அமைக்கப்பட்டதோ அப்பயனே கெடுகிறது. புனேயில் ஜூன் முதல் செப்டம்பர் வரை மழைக்காலம். அம்மாதங்களில் வாயிலில் மிதியடி இன்றியமையாதது. மிருதுவான துடைப்பத்தால் தூசியைப் போக்கிய பின்னரே ஈரத்துணியை உபயோகிக்க வேண்டும். மணலிருக்க ஈரத்துணியால் தேய்ப்பது உப்புத்தாளால் தேய்ப்பதை ஒக்கும்.

சோப்பை உபயோகிப்பது பலரும் செய்யும் பிழை. உப்பு நீரில் சோப்பு வெண்படலமாகப் படிந்து தரையை மங்கச் செய்கிறது, வழுக்கவும் செய்கிறது. அமிலமோ காரமோ அல்லாத சலவைத் திரவத்தை வெதுவெதுப்பான நீரிற் கலந்து துடைத்து, பின் வெறும் நீரால் அலசுதல் நன்று. அமிலம் சிந்தினால் உடனே துடைத்தெடுத்தல் வேண்டும்.

ஜன்னலோரத்தில் தரை மஞ்சளாவது வெயிலின் விளைவு. அதனை அழுக்கென்று கருதித் தேய்ப்பதால் கீறல்களே மிகும்.